ஒளியளந்த கண்

ஒளிமானி பழுதுற்றதும் படக்கருவியையே ஒதுக்கிவிடுவோர் பலர். 1908இல் பிரான்சில் பிறந்து 2004இல் மறைந்த ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனோ, ஒளிமானியே அமையாத லைக்காவால் உலகப் புகழெய்தினார். இளமையில் ஓவியம் பயின்ற அவர், வெயிலையும் நிழலையும் கண்ணால் மதிப்பிட்டே கருவியைக் கையால் அமைத்தார். செயற்கை ஒளியை விரும்பவில்லை. 1948 சனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைப் படம்பிடித்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமணரின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார். 14ஆம் நாள் இரவு, அருணாசல மலையை நோக்கி விண்ணில் நகர்ந்த ஒளியைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்ததாகவும், மணி 8.47 என்றும் அவர் உரைத்தார். இரமணர் மறைந்த நேரமும் அதுவே. முதுமையில் படக்கருவியை விடுத்து ஓவியத்துக்கே திரும்பினார். அதற்கும் ஒளியறிந்த அக்கண்ணே துணையாயிற்று.