கண்ணீருக்கு நடுவே ஒரு கணக்கு



கெப்ளர் என்று சொன்னால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகம், அதில் ஒரு நீள்வட்டப் படம், கீழே மூன்று விதிகள். மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மார்க் வாங்கினோம், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். ஆனால் அந்த மூன்றாவது விதி எந்த நிலைமையில் பிறந்தது என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? ஒரு சின்னக் குழந்தையைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்த தகப்பன், அந்த மண்ணின் ஈரம் காயும் முன்பே உட்கார்ந்து போட்ட கணக்கு அது! ஆகவேதான் இந்த ஆண்டு மலரில் அந்த மனிதரின் வாழ்க்கையை எழுத நினைத்தேன்.

நோஞ்சான் பிள்ளை

ஜோகன்னஸ் கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, ஜெர்மனியின் தென்பகுதியில் வைல் என்ற சிறு ஊரில் பிறந்தார். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. அப்பா கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். அடிக்கடி போய்விடுவார், திரும்பி வருவார். கடைசியில் ஒருநாள் போனவர் போனவர்தான். அம்மா கத்தரீனா பச்சிலை வைத்தியம் தெரிந்தவர். சின்ன வயதில் வந்த பெரியம்மை கெப்ளரின் கண் பார்வையையும் கைகளையும் கெடுத்துவிட்டது. வானத்தையே அளக்கப் போகிறவருக்கு நட்சத்திரம் சரியாகத் தெரியாது! விதியின் விளையாட்டைப் பார்த்தீர்களா?

ஆனாலும் 1577இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியபோது, அந்த அம்மா ஆறு வயதுகூட நிறையாத மகனை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் காட்சி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

படிப்பில் கெட்டிக்காரர். அந்த நாட்டு அரசின் உதவித்தொகை கிடைத்தது. 1589இல் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய ஆசையெல்லாம் லுத்தரன் சபையில் போதகராக வேண்டும் என்பதுதான். ஆனால் 1594இல், இறையியல் படிப்பு முடியும் தறுவாயில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார்கள். முதலில் மனம் ஒப்பவில்லை. போகப் போக, கோயில் பீடத்தில் நின்று மட்டுமல்ல, வானசாஸ்திரத்தாலும் கடவுளை மகிமைப்படுத்தலாம் என்று தேறிக்கொண்டார். அந்த எண்ணத்தை அவர் கடைசி வரை விடவில்லை.

அடி மேல் அடி

1597 ஏப்ரலில் பார்பரா என்ற இளம் விதவையை மணந்தார். அந்த அம்மாவுக்கு முன்பே ரெகினா என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. அதையும் தன் பிள்ளையாகவே வளர்த்தார். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை. ஐந்தே வாரம்! அந்தக் குழந்தையைக் கத்தோலிக்கக் குருக்கள் இல்லாமல் தன் சபை வழக்கப்படி அடக்கம் பண்ணினார் என்று அபராதமும் போட்டார்கள். பிள்ளை செத்த வீட்டில் அபராதம்! அந்தக் காலத்து மதச் சண்டை அப்படி. 1600இல் மதம் மாறாதவர்கள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. கெப்ளர் மாறவில்லை. மூட்டை கட்டினார்.

பிராக் நகரில் டைகோ பிராஹே என்ற பெரிய வானியலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மறு வருஷமே டைகோ இறந்துபோக, பேரரசர் ருடால்ஃபின் அரசவைக் கணித அறிஞர் பதவி கெப்ளருக்கு வந்தது. டைகோ பல ஆண்டுகள் அளந்து வைத்த செவ்வாய்க் கிரகக் கணக்கையெல்லாம் எடுத்து வைத்து ஆராய்ந்தார். வட்டப் பாதை என்று வைத்துப் பார்த்தால் 8 நிமிடக் கோணம் இடித்தது. ஒரு டிகிரியை 60 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நிமிடம். அதில் வெறும் 8! வேறு ஆளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். கெப்ளர் விடவில்லை. அந்த 8 நிமிடம்தான் இரண்டாயிரம் வருஷத்து வட்டத்தை உடைத்து நீள்வட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு விதிகளும் 1609இல் புத்தகமாக வெளிவந்தன. லேத் பட்டறையில் இம்மி அளவு பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு இந்த மனிதரின் அருமை நன்றாகவே புரியும்.

பிறகு வந்தது 1611. வீட்டில் மூன்று குழந்தைகளுக்கும் பெரியம்மை. இரண்டு பிழைத்தன. வீட்டின் செல்லப்பிள்ளை, ஆறு வயது ஃப்ரெடரிக், பிப்ரவரி 19 அன்று கண்ணை மூடினான். அதே நாட்களில் பிராக் நகருக்குள் பட்டாளம் புகுந்து தெருவெல்லாம் ரத்தம். பனி உருகி மரமெல்லாம் துளிர் விடும் அந்த வசந்தத்தில் பார்பரா சிரிப்பை மறந்துபோனார். மனைவியை வேறு ஊருக்குக் கூட்டிப்போனால் தேறுவார் என்று கெப்ளர் லின்ஸ் நகரில் வேலை பேசி முடித்துவிட்டு வந்தார். ஆனால் பட்டாளம் கொண்டுவந்த காய்ச்சல் முந்திக்கொண்டது. ஜூலை 3 அன்று பார்பராவும் போய்விட்டார்.

சபையும் கைவிட்டது

1612இல் தாயில்லாப் பிள்ளைகளோடு லின்ஸ் வந்து சேர்ந்தார். துக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆறுதல் எங்கே கிடைக்கும்? கோயிலில்தானே? ஆனால் அங்கேயும் கதவு சாத்தப்பட்டது! சபையின் கோட்பாட்டுப் பத்திரத்தில் அப்படியே கையெழுத்துப் போடு என்றார் அந்த ஊர்ப் போதகர். மற்றப் பிரிவுக் கிறிஸ்தவர்களைக் கண்டனம் செய்யும் வாசகங்கள் அதில் இருந்தன. சில விஷயங்களில் மனசாட்சி ஒப்பவில்லை என்று கெப்ளர் மறுத்தார். ஆகவே அவருக்கு நற்கருணை இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் இருந்த மேலிடத்துக்கு எழுதினார். அவர்களும் போதகர் பக்கமே நின்றார்கள்.

இதையெல்லாம் பார்த்து, சபையும் வேண்டாம், சாமியும் வேண்டாம் என்று அவர் போயிருக்கலாம். கத்தோலிக்கராக மாறினால் பதவியும் பணமும் தேடி வந்திருக்கும். இரண்டையும் செய்யவில்லை. 1617இல் தன் வீட்டுப் பிள்ளைகள் புரிந்துகொள்வதற்காக நற்கருணையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தனக்கு மறுக்கப்பட்ட அப்பத்தைப் பற்றித் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், நண்பர்களே!

1618ஆம் ஆண்டு வசந்தம்

1613இல் சுசன்னா என்ற பெண்ணை இரண்டாம் தாரமாக மணந்தார். ஓரளவு நிம்மதி வந்தது. ஆனால் 1617 செப்டம்பரில் இரண்டரை வயது மகள் மார்கரெட்டா இறந்தாள். அடுத்த மாதமே, வளர்த்த மகள் ரெகினா மூன்று குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். 1618 பிப்ரவரி 9 அன்று, ஆறே மாதக் கைக்குழந்தை கத்தரீனா. ஆறு மாதத்துக்குள் மூன்று சாவு! இதற்கு நடுவில் ஊரில் இருந்த அவர் அம்மாவைச் சூனியக்காரி என்று ஊரார் குற்றம் சாட்டியிருந்தார்கள்.

அப்போது அவர் கையில் இருந்த வேலை, கிரகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் அட்டவணைகள். எண்ணிக்கையில்லாத கூட்டல் கழித்தல். அதற்கு மனசில் அமைதி வேண்டும். மகள் போன வீட்டில் அமைதி ஏது? அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கேள்வியை எடுத்தார். கடவுள் இந்த உலகத்தைத் தாறுமாறாகப் படைத்திருக்க மாட்டார். அப்படியானால் சூரியனுக்கும் கிரகத்துக்கும் உள்ள தூரத்துக்கும், அது ஒரு சுற்றுச் சுற்றும் காலத்துக்கும் என்ன உறவு? இசையில் சுரங்கள் இசைந்து போவதுபோல அங்கேயும் ஓர் இசைவு இருந்தே தீரவேண்டும்.

நன்றாகக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளே எல்லாமே அலங்கோலம். அந்த நேரத்தில் ஒழுங்கைத் தேடப் புறப்பட்டார். துக்கத்தை மறக்கச் செய்த வேலை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வானத்தில் ஒழுங்கு இருக்குமானால், அந்த ஒழுங்கை வைத்தவர் தன் பிள்ளைகளையும் கைவிட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

மார்ச் 8ஆம் தேதி விடை மனசில் மின்னியது. ஆனால் கணக்குப் போடும்போது எங்கேயோ பிசகு. தப்பு என்று நினைத்துத் தள்ளிவிட்டார். அது லெந்து காலம், கிறிஸ்தவர்கள் பாடுகளை நினைக்கும் நாட்கள். ஏப்ரல் 15 அன்று உயிர்த்தெழுந்த திருநாள் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 15 அன்று, தள்ளிவிட்ட விடையை மறுபடி எடுத்துப் பார்த்தார். பொருந்தியது! எல்லாக் கிரகத்துக்கும் பொருந்தியது! கனவோ என்று தன்னையே சந்தேகப்பட்டார்.

காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர் விகிதம். கால்குலேட்டரில் நீங்களே அழுத்திப் பாருங்கள். பூமியின் தூரம் 1 என்றால் வியாழனின் தூரம் 5.2. அதன் கனம் 140.6. வியாழன் ஒருமுறை சுற்ற 11.86 வருஷம். அதன் வர்க்கம் 140.7. இரண்டும் ஒன்றுதானே! செவ்வாய்க்கும் சனிக்கும் போட்டாலும் இப்படியேதான் வரும்.

மே 27 அன்று புத்தகத்தை எழுதி முடித்தார். அதற்கு நாலு நாள் முன்னால்தான் பிராக்கில் அரசப் பிரதிநிதிகளைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். முப்பது ஆண்டுப் போருக்கு அது ஆரம்பம். நாடே தீப்பற்றும் வேளையில், உலகத்தின் இசைவு என்ற பெயரில் ஒரு புத்தகம்! 1619இல் அது அச்சாகி வந்தது. அதன் கடைசிப் பகுதியில் கெப்ளர் படைத்தவருக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணியிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் ஜெபம்! மூன்று சாவுக்குப் பிறகு நன்றி!

என் மனசில் பட்டது

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. என் அப்பாவை நாங்கள் அடக்கம் பண்ணினதும் லெந்து நாட்களில்தான். வேப்பமரமெல்லாம் பூத்துக் கொட்டிக் கிடந்தது. நம்ம வீட்டில் இவ்வளவு நடந்திருக்கு, இந்த மரத்துக்கு எப்படிப் பூக்க மனசு வந்தது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. கெப்ளர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. விசுவாசம் என்பது அழாமல் இருப்பதில்லை. அவர் அழுதார், வேலையை மூடி வைத்தார், முதல் விடையைத் தப்பென்று தள்ளினார். ஆனால் மறுபடியும் போய்ப் பார்த்தார். அந்த மறுபடியும்தான் விசுவாசம் என்று எனக்குப் படுகிறது.

பின் நடந்தது

அதற்குப் பிறகு கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. 1620இல் அம்மாவைக் கைது செய்து சங்கிலியில் கட்டினார்கள். கெப்ளர் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பிப் போய்த் தாய்க்காக வாதாடினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் எழுபது வயது தாண்டிய அந்தத் தாய் பொய்யாக ஒப்புக்கொள்ளவில்லை. 14 மாதச் சிறைக்குப் பின் 1621இல் விடுதலை. மறு ஏப்ரலில் காலமானார். வால்நட்சத்திரம் காட்டிய தாயை மகன் காப்பாற்றிவிட்டார்!

ஓரமாக வைத்த அட்டவணைகளையும் விடவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மடக்கைகளைப் பயன்படுத்தி 1627இல் வெளியிட்டார். 1630 நவம்பர் 15 அன்று, சம்பளப் பாக்கி கேட்டு அலைந்த பயணத்தில், ரேகன்ஸ்பர்க் நகரில் 58 வயதில் இறந்தார். போரில் அவர் கல்லறையும் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. ஆனால் 1631 நவம்பர் 7 அன்று, அவர் கணித்துச் சொன்னபடியே புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனதை கஸ்ஸெண்டி பாரிசிலிருந்து பார்த்தார். சொன்னவர் மண்ணுக்குள், சொன்ன சொல் வானத்தில்!

வீட்டு மாடியில் டிஷ் ஆண்டெனா ஆடாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதே, ஏன்? பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால்தான் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த உயரத்தைச் சொல்வது 1618 வசந்தத்தில் பிறந்த அதே விதி. 2009 மார்ச்சில் அமெரிக்கா ஏவிய விண்தொலைநோக்கிக்குக் கெப்ளர் என்றே பெயர் வைத்தார்கள். 2018இல் அது ஓய்வதற்குள் சேர்த்த தகவல்களிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட புதிய கிரகங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன.

நண்பர்களே, நம் ஹாஸ்டலிலும் வகுப்பிலும் வீட்டில் சாவைப் பார்த்துவிட்டு வந்து, வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள். துக்கத்தில் இருக்கும் தோழனே, தோழியே! இன்றைக்கு விடை வராவிட்டால் மூடி வை. அழு. ஆனால் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதே. மார்ச்சில் வராத விடை மே மாதத்தில் வரும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை