டாக்டர் ராஜனும் வைத்தியக் கல்வியும்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஆற்றிடைக்குறையாகிய ஸ்ரீரங்கத்தில் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். அவரைத் தேசபக்தர் என்றே நம்மவரிற் பலர் அறிவர். வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்ற கூட்டம் அவர் இல்லத்திலிருந்து புறப்பட்டது என்பதைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆனால், அவர் பெயருக்கு முன் நின்ற 'டாக்டர்' என்னும் சொல்லைப் பெறுதற்கு அவர் எவ்வளவு தொலைவு செல்ல நேர்ந்தது என்பதைச் சொல்வார் அரியர். நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளை வைத்தியப் படிப்பிற்கு அனுப்ப விழைவோர் பலர் இருத்தலின், அப்பகுதியையே ஈண்டுச் சற்று விரித்துக் கூறக் கருதுகின்றேன். அரசியற் செய்திகளை வேண்டும் அளவே தொட்டுச் செல்வேன்.

திருச்சிராப்பள்ளியிற் பள்ளிக் கல்வி பயின்றபின் ராஜன் சென்னை சென்று இராயபுரம் வைத்தியப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி எத்தகையது என்பதை அறிந்தாலன்றிப் பின்வரும் கதை விளங்காது. அக்காலத்து ஆங்கில வைத்தியத்தில் மூன்று படிகள் இருந்தன. உச்சியில் இருந்தவர் இந்திய மெடிகல் சர்வீஸைச் சேர்ந்தவர், பெரும்பாலும் வெள்ளையர். அதற்குரிய போட்டிப் பரீட்சை லண்டனிலேயே நடைபெறும். இடையில் நின்றவர் 1835-ல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அஸிஸ்டெண்ட் ஸர்ஜன்மார். அடிப்படியில் நின்றவர் இராயபுரம் போன்ற பள்ளிகளிற் பயின்ற 'ஆஸ்பிடல் அஸிஸ்டெண்ட்' என்போர். சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் இரவு பகலாக உழைத்தவர் இவர்களே. வாந்திபேதி வந்த தெருவிற் புகுந்தவரும், பிரேத பரிசோதனை செய்தவரும், அம்மை குத்தியவரும் இவர்களே. எனினும் பெயரளவில் இவர் வைத்தியர் அல்லர், வைத்தியருக்கு உதவியாளர். இங்கிலாந்திலுள்ள வைத்தியர் பதிவேட்டில் இவர்கள் படிப்புக்கு மதிப்பில்லை. நோயாளியின் உயிரை ஒப்படைக்கலாம், ஆனால் வைத்தியர் என்று ஒப்புக்கொள்ளலாகாது என்னும் இவ்வேற்பாடு என்ன நியாயத்தின்பாற் பட்டதோ, அறியேன். வேலை முழுதும் தந்து மதிப்பிற் பாதியே தந்த முறை என்பதே என் கருத்து.

ராஜன் இந்த அடிப்படியில் நின்றே பர்மா சென்று ரங்கூனில் வைத்தியத் தொழில் புரிந்தார். அந்நாளிற் பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்தது; தமிழர் பலர் வாணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் அங்கே வாழ்ந்தனர். கைநிறைய ஊதியம் உள்ள இடத்தை விட்டு மீண்டும் மாணவராகப் புத்தகம் எடுப்பது எளிய செயலன்று. மேலும், கடல் கடந்து சீமைக்குச் சென்றவரை அக்கிரகாரங்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தும் அவர் 1907-ல் லண்டனுக்குப் புறப்பட்டார். அவர் விரும்பியது எம்.ஆர்.ஸி.எஸ். என்னும் பட்டயம், அதாவது இங்கிலாந்து ராயல் ரணவைத்தியக் கல்லூரியின் உறுப்பினர் ஆதல். அது கிட்டினால் இராயபுரத்தார் எட்ட முடியாத பதிவேட்டில் அவர் பெயரும் ஏறும்.

லண்டனில் அவர் படிப்பே கதி என்று இருந்துவிடவில்லை. ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஏற்படுத்தியிருந்த இந்தியா விடுதி அந்நாளில் தேசபக்தர்களின் கூடாரமாக விளங்கியது. சாவர்க்கர் அங்கிருந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியிற் பிறந்த வ. வே. சு. ஐயரும் பாரிஸ்டர் படிப்பிற்காக வந்து அங்கே கலந்தார். ஐயருக்கும் ராஜனுக்கும் உண்டான நட்பு ஐயர் 1925-ல் அருவியில் மறையும் வரையில் நீடித்தது; பிற்காலத்தில் ராஜன் தம் நண்பரின் வரலாற்றை நூலாகவும் எழுதினார்.

1909-ஆம் ஆண்டு விஜயதசமி விருந்தைப் பற்றி ராஜன் சொல்லி வைத்த செய்தி ஒன்று யாவரும் அறிந்ததே. இந்திய மாணவர்கள் தாமே சமைத்து விருந்து வைக்க ஏற்பாடு செய்திருந்தனர். ராஜனும் சமையற் பகுதியில் இருந்தார். மெலிந்த உருவினர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமற் பாத்திரம் துலக்கியும் காய் நறுக்கியும் உதவிக்கொண்டிருந்தார். மாலையில் விருந்து தொடங்கும்போதுதான் அவரே தலைமை விருந்தினராகிய காந்தியடிகள் என்பது தெரியவந்தது. அன்று அதே மேடையிற் சாவர்க்கரும் பேசினார். ஆயுத வழியை நம்பிய இளைஞர்களின் அடுக்களையில் அகிம்சை வழியினர் ஒருவர் பாத்திரம் துலக்கினார் என்பது இப்போது நினைக்கவும் வியப்பாயிருக்கிறது.

இத்தனை பரபரப்புக்கிடையிலும், நண்பர்கள் சிலர் சிறைப்பட்டும் ஐயர் மாறுவேடத்தில் தப்பியும் போன பின்னரும், ராஜன் படிப்பைக் கைவிடவில்லை. 1911-ல் எம்.ஆர்.ஸி.எஸ். தேறினார். மீண்டும் ரங்கூன் சென்று தொழில் நடத்தி, 1914-ல் சொந்த ஊராகிய ஸ்ரீரங்கத்திற்குத் திரும்பினார். 1923-ல் திருச்சிராப்பள்ளியில் 'ராஜன் கிளினிக்' என்னும் வைத்தியசாலையைத் தொடங்கினார்.

அவர் திரும்பிய காலத்தில் இப்பகுதி வைத்தியர் முன் வந்து நின்ற நோய்கள் யாவை என்று பார்த்தால், அவற்றுள் ஒரு பெரும் பங்கு வயிற்றையும் ஈரலையும் பற்றியவையாகவே இருக்கும். ஆற்று நீரையும் குளத்து நீரையும் அப்படியே பருகிய காலம். திருவிழாக் கூட்டம் கூடிய ஊர்தோறும் வாந்திபேதி பின்தொடர்ந்த காலம். சீதபேதி, காமாலை, குன்மம், மகோதரம், ஈரற்கட்டி என்று நம் பண்டை வைத்தியர் பெயரிட்டு வைத்த நோய்கள் எல்லாம் வீட்டுக்கு வீடு இருந்தன. சீதபேதியின் கிருமி ஒரு வகை அமீபா என்பது 1875-ல் ருஷ்யாவில் லோஷ் என்பவரால் அறியப்பட்டிருந்தது. அக்கிருமி குடலோடு நில்லாது இரத்தத்தின் வழியே ஈரலுக்கு ஏறி அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். கட்டி பெருத்து நெஞ்சறையிலோ வயிற்றறையிலோ உடைந்தால் பிழைப்பவர் சிலரே. தடித்த ஊசிக் குழாயை விலாவினூடே செலுத்திச் சீழை வடிப்பதுதான் அந்நாளைய ரணவைத்தியம். பிரேஸில் நாட்டு இப்பிகாக் என்னும் வேர் சீதபேதியைத் தணிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதை உட்கொண்ட நோயாளி வாந்தியெடுத்தே சோர்ந்துவிடுவான்.

ராஜன் தேறிய மறு ஆண்டாகிய 1912-ல் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் என்பவர் அவ்வேரின் சத்தாகிய எமிடைனை ஊசி வழியே ஏற்றும் முறையைக் கண்டு வெளியிட்டார். வாந்தித் தொல்லை நீங்கியது. ஈரற்கட்டியையும் பல நேரங்களிற் கத்தியின்றியே ஆற்ற முடிந்தது. இருதயத்தைத் தாக்கும் குறை எமிடைனுக்கு உண்டு. 1960-களில் மெட்ரோனிடஸோல் என்னும் மாத்திரை வந்த பின்னரே அது பின்னடைந்தது. நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. இத்தகைய புது முறைகளைத் திருச்சிராப்பள்ளியில் இருக்கும் வைத்தியர் முறையாகக் கற்றுக்கொள்ள ஓரிடம் இல்லை. உஷ்ணப் பிரதேச நோய்களுக்கென லண்டனில் 1899-ல் ஒரு பள்ளி தோன்றியிருந்தது. கல்கத்தாவில் அவ்வகைப் பள்ளி 1921-ல்தான் பாடம் தொடங்கிற்று. ஈரலுக்கும் குடலுக்கும் என்றே பயின்ற வைத்தியர் நம் நாட்டில் எங்குமே இலர். கையால் விலாவின்கீழ் அழுத்திப் பார்ப்பது, விரலால் தட்டி ஓசை கேட்பது, மலத்தைப் பூதக்கண்ணாடியில் நோக்குவது, நாவையும் கண்ணின் மஞ்சளையும் காண்பது ஆகிய இவையே அறிவின் கருவிகள்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வித்தையைக் கொண்டு பொருள் ஈட்டி இனிது வாழ்ந்திருக்கலாம். 1919-ல் ரௌலட் சட்டக் கிளர்ச்சியிலிருந்து ராஜன் காங்கிரசில் ஈடுபட்டார். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் அதிகாலை, திருச்சிராப்பள்ளியில் அவர் இல்லத்திலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் இராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டனர். இவர்களுக்குச் சோறிடுவோரைத் தண்டிப்பதாகத் தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தும், தஞ்சைக் குடிமக்கள் உணவு தந்ததும், தொண்டர் ஏப்ரல் 28-ல் வேதாரணியம் சேர்ந்ததும், 30-ல் உப்பெடுத்ததும் பலமுறை எழுதப்பட்டவை. ராஜனும் சிறை புகுந்தார். ஒரு வைத்தியர் சிறை செல்வது வக்கீல் சிறை செல்வது போன்றதன்று. வழக்கைத் தள்ளி வைக்கலாம். காய்ச்சலைத் தள்ளி வைக்கலாகாது. அவரை நம்பியிருந்த நோயாளிகள் வேறு வைத்தியரைத் தேடியிருப்பர். ஆதலின் அவர் இழந்தது ஊதியம் மட்டுமன்று. இதனைச் சரியென்பாரும் தவறென்பாரும் உளர். உப்பு வரிக்கு எதிராக ஊரே எழுந்த காலத்தில் தம் வீட்டுத் திண்ணையில் நோயாளிக்காக மட்டும் காத்திருக்க அவர் மனம் ஒருப்பட்டிராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1936-ல் திருச்சி நகரசபைத் தலைவர் தேர்தலைப் பற்றிய பிணக்கில் காங்கிரசோடு அவருக்கு மனவேற்றுமை உண்டாயிற்று. அக்கதை நமக்கு வேண்டா. அடுத்த ஆண்டே இராஜாஜி அமைத்த மந்திரிசபையில் பொதுச் சுகாதாரத்திற்கும் அறநிலையங்களுக்கும் அவர் அமைச்சரானார். மேல்சபைக்கு நியமனம் பெற்று அமைச்சரானார் என்பதில் எதிர்க்கட்சியார் குறை கூறியதும் உண்டு.

அவர் சுகாதார அமைச்சராயிருந்தபோது, 1938 ஜூலை 2-ல் இராயபுரம் வைத்தியப் பள்ளி கல்லூரியாயிற்று. 1934-லேயே அது கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றிருந்தது, இப்போது எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கும் தகுதியையும் பெற்றது. அப்பள்ளியின் வரலாற்றில் இதனைவிடப் பெரிய திருப்பம் இல்லை. உதவியாளர் என்று பெயரிட்டுத் தம்மை அனுப்பிய அதே பள்ளியிலிருந்து, முழு வைத்தியராக இளைஞர் வெளிவருவதை அதன் பழைய மாணவர் அமைச்சர் பதவியிலிருந்தே கண்டார். இம்மாற்றத்துக்கு அவர் ஒருவரே காரணர் என்று நான் சொல்ல வரவில்லை. தாழ்ந்த படிப்பை ஒழித்து ஒரே தரம் வேண்டும் என்ற கோரிக்கை வைத்தியரிடையே வளர்ந்து வந்தது. 1946-ல் போர் குழுவின் அறிக்கை நாடு முழுதுக்கும் அதனையே பரிந்துரைத்தது. ஆயினும் கோரிக்கை செயலானபோது அத்துறையை ஏந்தியிருந்த கை, அதன் வேண்டுதலைத் தன் வாழ்க்கையில் அறிந்த கை.

அந்த இராயபுரத்தின் வழிவந்த ஸ்டான்லிக் கல்லூரியிலேயே இன்று குடல், ஈரல் நோய்களுக்கெனத் தனிப்பயிற்சி உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்று ஆண்டு பொது மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். அதன்மேல் மூன்று ஆண்டு டி.எம். என்னும் உயர் பயிற்சி. ரணவைத்தியத்தை விழைவோர்க்கு எம்.எஸ்., அதன்மேல் எம்.சிஎச். இம்மூன்றாண்டில் வைத்தியர் செய்வது பெரும்பாலும் புத்தகப் படிப்பன்று. வாய் வழியே குழாய் செலுத்தி இரைப்பையை நேரே கண்டு, இரத்தம் ஒழுகும் புண்ணை அங்கேயே மூடப் பழகுகின்றனர். ஈரல் சுருங்கியதனால் உணவுக்குழாயிற் புடைத்து வெடிக்கும் நாளங்களைச் சிறு ரப்பர் வளையங்களால் இறுக்கக் கற்கின்றனர். பித்தக்குழாயில் அடைத்த கல்லை வயிற்றைக் கிழிக்காமல் எடுக்கின்றனர். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பழகினாலன்றி இக்கைத்திறம் வாராது. நம் இசைவாணர் குருவின் அருகில் இருந்து கற்பதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் டாக்டர் ரங்கபாஷ்யம் அவர்களின் முயற்சியால் இரைப்பை, குடல் ரணவைத்தியத்திற்குத் தனித்துறை தோன்றிற்று. ஈரலுக்கென்றே ஒரு பிரிவும் அங்குண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஈரலையே மாற்றிப் பொருத்தும் சிகிச்சையும் நிகழ்ந்திருக்கிறது. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததோடு காத்திருந்த நம் பாட்டிமார் இதனை நம்பியிருப்பார்களா?

திருச்சிராப்பள்ளியிலும் 1997-ல் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பெற்று, இவ்வூர்த் தமிழறிஞராகிய கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை இன்று காவிரிப் பாலத்தைக் கடந்தாலே வைத்தியப் பட்டத்திற்குப் படிக்கலாம். உயர் பயிற்சிக்கு நாடு முழுதும் பொதுவான போட்டிப் பரீட்சை எழுதல் வேண்டும், இடங்களோ சில. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஈரல் நோய்க்குரிய நிபுணராக வெளிவரப் பன்னிரண்டு ஆண்டுகளேனும் ஆகும் என்பதைப் பெற்றோர் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ராஜன் ஓமந்தூரார் மந்திரிசபையில் மீண்டும் அமைச்சராயிருந்தார். தம் வாழ்க்கையை 'நினைவு அலைகள்' என்னும் நூலாக எழுதினார். வைத்தியர் எழுதிய தமிழ்தானே என்று எண்ணி அதனைக் கையிலெடுப்பவர் அதன் எளிமையையும் நகைச்சுவையையும் கண்டு வைக்க மாட்டார். 1953-ல் அவர் காலமானார். இரைப்பையின் உட்புறத்தை வளையும் கண்ணாடி இழைக் குழாயினால் முதன்முதலாக ஹிர்ஷோவிட்ஸ் என்னும் வைத்தியர் அமெரிக்காவிற் கண்டது, அதற்கு நான்கு ஆண்டு கழித்து.