உருளை இழுத்தவர் உலகறிந்த வீரரானார்

கிரிக்கெட் என்றால் அந்நாளில் துரைமார்களும் ராஜாக்களும் ஆடிய ஆட்டம். அந்த மைதானத்துக்குக் கூலி வேலைக்குப் போய், ஆட்டக்காரராகப் புகழ் பெற்றவர் பல்வங்கர் பாலு.

நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்தின் தார்வாரில் 1876-ல் பிறந்தவர் அவர். தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட குலம். வளர்ந்தது பூனாவில். அங்கே பார்சிக்காரர்களின் கிளப்பில் மைதானம் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய்.

பிறகு வெள்ளையர் கிளப்பில் வேலை கிடைத்தது. துரைமார்கள் அடித்துப் பழகப் பந்து போட ஆள் வேண்டும். பாலு இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போட்டார். மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு இடமில்லை. தினமும் மணிக்கணக்கில் போட்டுப் போட்டே கை தேறியது.

வெள்ளையரை வெல்ல வேண்டுமென்று பூனா இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்தனர். மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்து ஒன்றுதான். தேநீர் வேளையிலோ அவருக்கு வெளியே தனி மண்குவளை. சாப்பாட்டுக்குத் தனி மேஜை.

பாலு பம்பாய்க்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தபடி ஆடினார். 1906-ல் இந்து அணி ஐரோப்பியர் அணியை வென்றபோது அவர் பந்துவீச்சு பெருந்துணையாக இருந்தது. 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்துத் திரும்பினார்.

அத்தனை திறமை இருந்தும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1923-ல் அந்தப் பதவி அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

1932-ல் பூனா ஒப்பந்தத்தில் நம் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் பாலுவும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் டாக்டர் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். 1955-ல் பம்பாயில் காலமானார்.

அல்சூர்ப் பக்கத்து மைதானங்களில் ஞாயிறன்று பந்தாடும் நம் பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லி வைக்க வேண்டும். வேலை எதுவானாலும் அதிலேயே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவர் அவர். அந்த வித்தையை ஊர் மதித்தது. மனிதரை மதிக்கத்தான் வெகுகாலம் பிடித்தது.