ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட்

ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் (ஜூன் 5, 1862 – ஜூலை 28, 1930) சுவீடன் நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவரும் ஒளியியல் அறிஞரும் ஆவார். மனிதக் கண்ணில் ஒளி எவ்வாறு விலகி உருவத்தைத் தோற்றுவிக்கிறது என்பதைக் கணித முறையில் ஆராய்ந்ததற்காக 1911 ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. கண் மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் பிளவு விளக்கு இவர் உருவாக்கியது. அறுவை மருத்துவர்கள் அணியும் மூக்குக் கண்ணாடி, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றின் வடிவமைப்பிலும் இவரது கணக்கீடுகள் மறைமுகமாகத் தாக்கத்தை ஏற்படுத்தின.

இளமையும் கல்வியும்

குல்ஸ்ட்ராண்ட் சுவீடனின் தென்பகுதியில் உள்ள லாண்ட்ஸ்க்ரூனா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இவரது தந்தை அந்நகரின் தலைமை மருத்துவ அலுவலராகப் பணியாற்றியவர். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கத் தொடங்கிய குல்ஸ்ட்ராண்ட், இடையில் ஓராண்டு வியன்னாவில் பயின்றார். பின்னர் ஸ்டாக்ஹோமில் கல்வியைத் தொடர்ந்து 1888 இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். 1890 இல் சிதறல் பார்வை பற்றிய ஆய்வேட்டிற்காக முனைவர் பட்டம் பெற்றார். உயர் கணிதத்தையும் ஒளியியலையும் இவர் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1891 இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கண் மருத்துவ விரிவுரையாளர் ஆனார். 1894 இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் முதல் கண் மருத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இருபது ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தும் மாணவர்களுக்குக் கற்பித்தும் வந்தார். இதே காலத்தில்தான் தம் முக்கிய ஆய்வுகளையும் செய்தார். 1914 இல் இவருக்கென்றே ஒளியியல் பேராசிரியர் பதவி ஒன்று உருவாக்கப்பட்டதால் மருத்துவமனைப் பொறுப்புகளிலிருந்து விடுபட்டார். 1927 இல் ஓய்வு பெற்றார்.

கண்ணின் ஒளியியல்

குல்ஸ்ட்ராண்டுக்கு முன்பிருந்த கோட்பாடுகள் பெரும்பாலும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் கதிர்கள் மறுபடியும் ஒரே புள்ளியில் சேர்வதாகக் கொண்டன. வில்லையின் நடுவே செல்லும் குறுகிய கதிர்க்கற்றைக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் கண்ணின் பரப்புகள் முழுமையான கோளப் பரப்புகள் அல்ல. கண்பாவையும் ஒரு புள்ளி அன்று. எனவே உண்மையான கண்ணில் உருவம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தனியே கணக்கிட வேண்டும் என்று இவர் கருதினார். 1900, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இவரது நீண்ட ஆய்வுக் கட்டுரைகள் இக்கணக்கீட்டை வளர்த்தெடுத்தன. ஹெல்ம்ஹோல்ட்சு எழுதிய உடலியல் ஒளியியல் நூலின் மூன்றாம் பதிப்பு 1909 இல் வெளியானபோது அதன் முதல் தொகுதியில் இவர் விரிவான பின்னிணைப்புகளைச் சேர்த்தார்.

இந்த ஆய்வுகளின் பயனாக உருவானதே குல்ஸ்ட்ராண்டின் மாதிரிக் கண். இதில் ஓய்வு நிலையில் உள்ள கண்ணின் மொத்தத் திறன் 58.64 டயாப்டர் ஆகும். கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியாவின் திறன் 43.05 டயாப்டர், உள்ளே உள்ள விழிவில்லையின் திறன் 19.11 டயாப்டர். இரண்டிற்கும் இடையே தொலைவு இருப்பதால் மொத்தத் திறன் இவ்விரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக உள்ளது. கண்ணின் திறனில் பெரும்பகுதி கார்னியாவினுடையது என்பதையும், ஆனால் அண்மையிலும் சேய்மையிலும் மாறிமாறிக் குவிப்பது விழிவில்லையே என்பதையும் இம்மாதிரி எளிதாக விளக்குகிறது.

விழிவில்லையின் ஒளிவிலகல் எண் எங்கும் ஒரே அளவாக இல்லை. குல்ஸ்ட்ராண்டின் கணக்கில் அது புறப்பகுதியில் 1.386 ஆகவும் மையத்தில் 1.406 ஆகவும் உள்ளது. வில்லை முழுவதும் மையப்பகுதியின் பொருளால் ஆனதாகக் கொண்டாலும் அதன் உண்மையான திறன் கிடைப்பதில்லை. படிப்படியாக மாறும் அடுக்குகளே கூடுதல் திறனைத் தருகின்றன. அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது வில்லையின் வெளிவடிவம் மாறுவதோடு அதன் உள்ளிழைகளும் இடம் மாறுகின்றன என்று இவர் விளக்கினார். விழி ஏற்பமைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த உள்மாற்றத்தால் நிகழ்வதாகக் கணக்கிட்டார். முழு ஏற்பமைவின்போது மாதிரிக் கண்ணின் மொத்தத் திறன் 70.57 டயாப்டர் ஆகிறது.

பிளவு விளக்கும் பிற கருவிகளும்

1911 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடைபெற்ற கண் மருத்துவர் கூட்டத்தில் குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கைக் காட்சிப்படுத்தினார். இக்கருவியில் நெர்ன்ஸ்ட் விளக்கின் பொலிவான ஒளி ஒரு குறுகிய பிளவின் மீது குவிக்கப்படும். அப்பிளவின் உருவம் மற்றொரு வில்லையின் வழியாக நோயாளியின் கண்ணில் வீழ்த்தப்படும். கண்ணின் ஒளிபுகு பகுதிகள் இவ்வொளியைச் சிறிதளவு சிதறடிப்பதால், கத்தியால் வெட்டிப் பார்ப்பதுபோல் அவற்றின் குறுக்குத் தோற்றம் தெரியும். ஒரு தழும்பு கார்னியாவின் மேற்பரப்பில் உள்ளதா ஆழத்தில் உள்ளதா என்பதையும், கண்புரை வில்லையின் எந்த அடுக்கில் உள்ளது என்பதையும் அறுவைக்கு முன்பே அறிய இது வழிசெய்தது. பின்னர் இவ்விளக்கு இருகண் நுண்ணோக்கியுடன் இணைக்கப்பட்டது. அப்போது பாசல் நகரில் பணியாற்றிய ஆல்ஃபிரட் வோக்ட் 1921 இல் வெளியிட்ட படத்தொகுப்பு இதன் பயனை உலகெங்கும் பரப்பியது.

விழித்திரையைக் காணும்போது கார்னியாவில் பட்டுத் திரும்பும் ஒளி மருத்துவரின் பார்வையை மறைப்பது வழக்கம். உட்செல்லும் ஒளியும் வெளிவரும் ஒளியும் கண்பாவையின் வெவ்வேறு பகுதிகளைப் பயன்படுத்துமாறு செய்தால் இந்த எதிரொளிப்பைத் தவிர்க்கலாம் என்று குல்ஸ்ட்ராண்ட் காட்டினார். இதன் அடிப்படையில் இவர் அமைத்த பெரிய விழிநோக்கியை ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் நிறுவனம் தயாரித்தது.

கண்புரை அறுவையில் விழிவில்லை நீக்கப்பட்டவர்களுக்கு அக்காலத்தில் தடித்த குவிவில்லைகள் கொண்ட கண்ணாடியே கிடைத்தது. அதன் ஓரங்களில் உருவம் மிகவும் கோணலாகத் தெரியும். குல்ஸ்ட்ராண்டும் சைஸ் நிறுவனத்தின் மோரிட்ஸ் ஃபான் ரோரும் இணைந்து, கோள வடிவத்திலிருந்து சற்று விலகிய பரப்பைக் கொண்ட கட்ரால் வில்லைகளை உருவாக்கினர்.

அறுவை மருத்துவரின் பார்வை

மூக்குக் கண்ணாடி அணிந்தவரின் கண் அசைவற்று நிற்பதில்லை. வில்லையின் பின்னால் அது சுழல்கிறது. ஆகவே வில்லையின் நடுப்பகுதி மட்டுமன்றி ஓரப்பகுதியும் தெளிவான உருவத்தைத் தர வேண்டும். கண்ணின் சுழற்சி மையத்தைக் கணக்கில் கொண்டு ஃபான் ரோர் வடிவமைத்த புங்க்டால் வில்லை 1912 இல் விற்பனைக்கு வந்தது. தலையைக் குனியாமல் விழியை மட்டும் தாழ்த்தி அறுவைப் புண்ணை நோக்கும் மருத்துவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. பழைய தட்டையான வில்லைகளின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது, கண்ணில் இல்லாத சிதறல் பார்வையைக் கண்ணாடியே உண்டாக்கிவிடும்.

விழி ஏற்பமைவு பற்றிய கணக்கும் அறுவை மருத்துவருக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். பொருளின் தொலைவை மீட்டரில் எடுத்து அதன் தலைகீழைக் கண்டால் தேவையான டயாப்டர் கிடைக்கும். 50 சென்டிமீட்டர் தொலைவிற்கு 2 டயாப்டரும், 40 சென்டிமீட்டருக்கு 2.5 டயாப்டரும், 25 சென்டிமீட்டருக்கு 4 டயாப்டரும் தேவை. இருபது வயதில் ஏறத்தாழ 10 டயாப்டராக இருக்கும் ஏற்பமைவுத் திறன் ஐம்பது வயதில் ஏறத்தாழ 2 டயாப்டராகக் குறைகிறது. இதுவே வெள்ளெழுத்து எனப்படுகிறது. இருக்கும் திறனில் பாதியை மட்டுமே களைப்பின்றி நெடுநேரம் பயன்படுத்த இயலும் என்பது கண் மருத்துவர் பின்பற்றும் பொதுவான கணிப்பு. எனவே அறுவைத் திறமை முதிரும் வயதிலேயே மருத்துவரின் அண்மைப் பார்வை தளர்கிறது. நூல் படிக்கும் தொலைவிற்கு அளந்து செய்த கண்ணாடி அறுவை மேசையின் தொலைவிற்குப் பொருந்தாமற் போகலாம். ஈரொளிக் கண்ணாடியில் அண்மைப் பகுதி கீழே அமைந்திருப்பதால், நேர் எதிரே அல்லது உயரமாக உள்ள இடத்தில் அறுவை செய்வோருக்கு அது உதவாது.

உருப்பெருக்கமும் இதே போன்ற தேர்வையே வேண்டுகிறது. எளிய குவிவில்லையைக் கண்ணருகே வைத்தால் முகம் புண்ணிற்கு மிக அருகில் செல்ல நேரிடும். 1876 இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடோர் சேமிஷ் அறுவைக்கான உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1912 இல் சைஸ் நிறுவனம் இருமடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி வகைக் கண்ணாடியை 25 சென்டிமீட்டர் வேலைத் தொலைவுடன் வெளியிட்டது. இவ்வகைக் கண்ணாடிகளில் உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் புலத்தின் அகலமும், தெளிவாகத் தெரியும் ஆழமும் குறைகின்றன. தலையின் சிறு அசைவும் பெரிதாகத் தெரிகிறது. இரு கண்களின் இடைவெளியும் ஒன்றுசேரும் கோணமும் சரியாக அமையாவிட்டால் ஆழ உணர்வு கெட்டுவிடும்.

உருப்பெருக்கத்தின் அடுத்த படி ஸ்டாக்ஹோமிலேயே நிகழ்ந்தது. 1921 இல் கார்ல் ஓலோஃப் நைலேன் ஒருகண் நுண்ணோக்கியைக் கொண்டு காதில் அறுவை செய்தார். 1922 இல் குன்னார் ஹோல்ம்கிரேன் இருகண் நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1953 இல் சைஸ் நிறுவனம் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கி இம்முறையைப் பல துறைகளுக்கும் கொண்டு சென்றது. இவற்றைக் குல்ஸ்ட்ராண்ட் கண்டுபிடிக்கவில்லை எனினும், கருவியையும் கண்ணையும் ஒரே ஒளியியல் தொகுதியாகக் கருதிக் கணக்கிட வேண்டும் என்ற பார்வையை நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவர்.

நோபல் பரிசும் ஐன்ஸ்டைன் விவாதமும்

1911 இல் குல்ஸ்ட்ராண்டின் பெயர் மருத்துவம், இயற்பியல் ஆகிய இரண்டு பரிசுகளுக்கும் முன்மொழியப்பட்டது. இயற்பியல் குழு இவரையே பரிந்துரைத்தது. மருத்துவப் பரிசை ஏற்றுக்கொண்ட இவர் இயற்பியல் பரிசைத் தவிர்த்துவிட்டார். அவ்வாண்டின் இயற்பியல் பரிசு வில்லெம் வீனுக்கு வழங்கப்பட்டது.

அதே ஆண்டு முதல் 1929 வரை இவர் இயற்பியலுக்கான நோபல் குழுவில் உறுப்பினராக இருந்தார்; 1923 முதல் அதன் தலைவராகவும் விளங்கினார். 1921 இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டை மதிப்பிடும் பொறுப்பு இவரிடம் வந்தது. கோட்பாடு கூறும் விளைவுகள் அளவீட்டுப் பிழைகளைவிடச் சிறியவை என்றும், புதன் கோளின் சுற்றுப்பாதை பற்றிய விளக்கம் போதிய உறுதியற்றது என்றும் கருதி எதிர்மறையான அறிக்கை அளித்தார். அவ்வாண்டு இயற்பியல் பரிசு எவருக்கும் அளிக்கப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. 1922 இல் கார்ல் வில்லெம் ஓசேன் ஒளிமின் விளைவின் விதியை முன்னிறுத்திப் பரிந்துரைத்தார். அதனை ஏற்று 1921 ஆம் ஆண்டின் பரிசு ஐன்ஸ்டைனுக்கு வழங்கப்பட்டது.

கண்ணின் ஒளியியலில் மிக நுண்ணிய பிழைகளையும் கணக்கிட்ட அறிஞர் இக்கோட்பாட்டின் முக்கியத்துவத்தைக் காணத் தவறினார் என்பது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படும் செய்தியாகும். இவ்விவாதத்தின்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குப் புதிய தீர்வு ஒன்றைக் குல்ஸ்ட்ராண்ட் 1922 இல் வெளியிட்டார். இதனைக் கோட்பாட்டின் குறைக்குச் சான்றாக இவர் எண்ணினார். முன்பே அறியப்பட்ட சுவார்சில்டு தீர்வின் மற்றொரு ஆய வடிவமே இது என்பதை ஜார்ஜ் லெமேத்ர் 1933 இல் நிறுவினார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பால் பென்லெவேயும் 1921 இல் இதே முடிவைத் தனியே கண்டிருந்தார். ஆகவே இது குல்ஸ்ட்ராண்ட்–பென்லெவே ஆயங்கள் என அழைக்கப்பட்டு, கருந்துளைகளை விளக்கப் பயன்படுகிறது.

மறைவு

குல்ஸ்ட்ராண்ட் 1930 ஜூலை 28 அன்று ஸ்டாக்ஹோமில் தமது 68 ஆம் வயதில் காலமானார். இவரது மாதிரிக் கண்ணின் அளவுகள் கண் மருத்துவம், பார்வை அளவையியல் ஆகிய பாடங்களில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. பிளவு விளக்கின் ஒளிமூலமும் இணைப்புகளும் பலமுறை மாறியுள்ளன; குறுகிய ஒளியைச் சாய்வாகச் செலுத்திக் கண்ணின் அடுக்குகளைப் பிரித்துக் காண்பது என்னும் அடிப்படை முறை மாறவில்லை.