எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் என்று அறியப்படும் மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003), துடுப்பாட்டம் (கிரிக்கெட்), வளைகோல் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்திய அணிக்காக விளையாடிய தமிழ்நாட்டு வீரர் ஆவார். ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர் இவரே. எனினும் இவர் ஆடிய தேர்வுப் போட்டி ஒன்றே ஒன்றுதான். 1936 ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணித் தேர்வுக்கான அழைப்பை விடுத்து, இங்கிலாந்து செல்லும் துடுப்பாட்ட அணியுடன் சென்றார்; அங்கே ஒரு தேர்வுப் போட்டியிலும் களமிறங்காமல் திரும்பினார்.

இளமை

கோபாலன் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கத்தில் பிறந்தார். சென்னைத் துடுப்பாட்டத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் இவருடைய திறமையைக் கண்டறிந்து, பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைக்க வழி செய்தார். இதைச் சிறு செய்தியாகக் கொள்ள இயலாது. அக்காலத்தில் இந்திய வீரர்களுக்கு ஆட்டம் பிழைப்பைத் தரவில்லை. அரச குடும்பத்தில் பிறவாதவரும் அரசர் ஒருவரின் ஆதரவைப் பெறாதவரும் நீண்ட சுற்றுப்பயணங்களுக்குச் செல்ல வேண்டுமானால், விடுப்புத் தரும் முதலாளி வேண்டும். கோபாலனுக்கு அது வாய்த்தது.

வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளரான இவர், சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நடைபெற்றுவந்த சென்னை மாகாணப் போட்டிகளின் வழியாக முதல்தர ஆட்டத்தில் கால்பதித்தார். திருவல்லிக்கேணி துடுப்பாட்டக் கழகத்துக்காகவும் நெடுங்காலம் ஆடினார்.

ஒரே தேர்வுப் போட்டி

1934 ஜனவரியில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடைபெற்ற போட்டியில் கோபாலன் அறிமுகமானார். இரு பகுதிகளிலும் முறையே ஆட்டமிழக்காமல் 11, பின்னர் 7 ஓட்டங்கள் எடுத்தார். 19 நிறைவுகள் (ஓவர்கள்) வீசி 39 ஓட்டங்களைக் கொடுத்து ஓர் இலக்கைக் கைப்பற்றினார். சிறப்பான ஆட்டம் என்று கூற முடியாது. ஆனால் ஒருவரை ஒதுக்கிவிடத்தக்க மோசமான ஆட்டமும் அல்ல. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த போட்டி பிப்ரவரி மாதம் சென்னையில், கோபாலனின் சொந்தக் களமான சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையில் நடந்த முதல் தேர்வுப் போட்டி அதுவே. அணியில் கோபாலனுக்கு இடமில்லை. பாட்டியாலா இளவரசர் யாதவேந்திர சிங் தம் ஒரே தேர்வுப் போட்டியை ஆடியது அந்த ஆட்டத்தில்தான்.

கல்கத்தாவில் கோபாலனுடன் அறிமுகமான மற்ற மூவரான முஷ்டாக் அலி, சி. எஸ். நாயுடு, திலாவர் உசேன் ஆகியோர் பின்னரும் வாய்ப்புப் பெற்றனர். முதலிருவரும் தலா 11 தேர்வுப் போட்டிகளிலும் திலாவர் உசேன் 3 போட்டிகளிலும் ஆடினர்.

ரஞ்சிக் கிண்ணம்

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதிய ஆட்டத்துடன் ரஞ்சிக் கிண்ணப் போட்டிகள் தொடங்கின. முதல் பந்தைக் கோபாலன் வீச, மைசூரின் என். கர்ட்டிஸ் எதிர்கொண்டார். மைசூர் 48, 59 என்ற எண்ணிக்கைகளில் சுருண்டது, ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளைக் கைப்பற்றினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஹாக்கி

கோபாலன் ஹாக்கியில் சென்டர் ஆஃப் இடத்தில் ஆடினார். 1935 இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அச்சுற்றுப்பயணத்தில் இந்தியா ஆடிய 48 ஆட்டங்களிலும் வென்றது. துடுப்பாட்டத்தில் அணியின் விளிம்பில் நின்றவர், ஹாக்கியில் உலகின் மிகச் சிறந்த அணியில் ஒருவராக இருந்தார்.

1936

அடுத்த ஆண்டு இரண்டு அழைப்புகள் ஒருங்கே வந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்களில் பங்கேற்பதற்கானது. மற்றொன்று, விசயநகரம் மகாராஜகுமாரின் தலைமையில் இங்கிலாந்து செல்லும் துடுப்பாட்ட அணியில் இடம். துடுப்பாட்ட அணி மே மாதத் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஆடத் தொடங்கியது. ஹாக்கி அணி ஜூன் இறுதியில்தான் பம்பாயிலிருந்து கப்பலேறியது. இரண்டிலும் பங்கேற்க வழியில்லை. கோபாலன் தங்கப் பதக்கத்தைக் கைவிட்டதாகப் பிற்காலத்தில் பலர் எழுதினர். அது முற்றிலும் சரியன்று. ஒருபுறம் இருந்தது தேர்வுக்கான அழைப்பு மட்டுமே. மறுபுறம் அணியில் உறுதியான இடம். அன்றைய நிலையில் அவர் எடுத்த முடிவு அறிவுக்குப் பொருந்தியதாகவே தோன்றுகிறது.

ஆனால் சுற்றுப்பயண அணியில் இருப்பது வேறு, பதினொருவரில் ஒருவராவது வேறு. முகமது நிசார், அமர்சிங் ஆகிய இருவரும் புதுப்பந்துக்கு நிலையானவர்கள். கேம்பிரிட்ஜில் பயின்றுவந்த ஜகாங்கீர் கானும் அணிக்குக் கிடைத்தார். எஞ்சிய மிதவேகப் பந்துவீச்சாளருக்கு மாவட்ட அணிகளுடனான ஆட்டங்களில் சிலவே எஞ்சின. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதும், அணி அறிவிப்புக்குக் காத்திருப்பதும், பின் பார்வையாளராக அமர்வதுமே அத்தகையோரின் கோடைக்காலம். அணிக்குள்ளும் அமைதி இல்லை. தலைவரின் திறமை குறித்து வீரர்களிடையே பிளவு நிலவியது. லாலா அமர்நாத் முதல் தேர்வுப் போட்டிக்கு முன்பே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் சென்ற பின்னரும் கோபாலனுக்கு வாய்ப்புத் திறக்கவில்லை.

இதே பயணத்தில் சென்னையைச் சேர்ந்த மற்றொரு வீரரான கோட்டா ராமசாமி, டேவிசுக் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடியவர், 40 வயதில் இரண்டு தேர்வுப் போட்டிகளில் ஆடி 170 ஓட்டங்கள் எடுத்தார். விளிம்பில் இருப்பவருக்குக் கதவு எப்போது திறக்கும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது என்பதற்கு இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பெர்லினில் நடந்தது இன்னும் வியப்பானது. ஜூலை 17 அன்று பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றது. உடனே, அணியுடன் செல்லாதிருந்த தாரா இந்தியாவிலிருந்து வானூர்தியில் வரவழைக்கப்பட்டு, அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடினார். மழையால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட இறுதியாட்டம் ஆகத்து 15 அன்று நடைபெற்றது. இந்தியா 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. அதே நாளில்தான் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது தேர்வுப் போட்டி தொடங்கியது. கோபாலன் அதிலும் ஆடவில்லை. இந்தியா ஒன்பது இலக்குகளால் தோற்று, தொடரை 0-2 என்று இழந்தது.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின் காரணமாக இந்தியா அடுத்த தேர்வுப் போட்டியை 1946 இல்தான் ஆடியது. அப்போது கோபாலனுக்கு வயது 37. எனினும் சென்னை அணிக்காக அவர் தொடர்ந்து ஆடினார். மொத்தம் 78 முதல்தர ஆட்டங்களில் 2,916 ஓட்டங்களையும் 194 இலக்குகளையும் பெற்றார்.

இவருடைய 25 ஆண்டுக்கால முதல்தர ஆட்ட வாழ்வைச் சிறப்பித்து, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான கோபாலன் கிண்ணப் போட்டி 1952-53 பருவத்தில் தொடங்கப்பட்டது. தேர்வுத் தகுதியை இன்னும் பெறாதிருந்த இலங்கையின் வீரர்களுக்கு முதல்தர ஆட்டம் ஆட அன்று கிடைத்த சில வாய்ப்புகளுள் இதுவும் ஒன்று. இலங்கை தன் முதல் தேர்வுப் போட்டியை 1982 இல் ஆடியதற்குப் பின் இப்போட்டியின் தேவை குறைந்து, அது நின்றுபோனது.

கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அப்போது உயிருடன் இருந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களுள் அவரே வயதில் மூத்தவர்.