தோற்றவரிடம் நிதியும் கல்வியும்

ஆளுங்கட்சிக்குள் தலைமைப் போட்டியில் வென்றவர் எடுக்கும் முதல் நிர்வாக முடிவு, தோற்றவரை என்ன செய்வது என்பதுதான். காமராசரின் வாழ்க்கையை நான் இந்தக் கோணத்திலிருந்தே படித்துவருகிறேன். தாமிரபரணிக் கரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அவர் எடுத்த முடிவின் விளைவை இங்குள்ள வாய்க்கால்களிலும் பள்ளிகளிலும் காண்கிறேன்.

1903இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர், தலைமைப் போட்டியின் கசப்பைத் தம் குருவின் வாழ்விலேயே கண்டார். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது இவர் செயலாளர். மறு ஆண்டுத் தேர்தலில் சத்தியமூர்த்தி தாம் நிற்க எண்ணியிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சீடர் இதை மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

1940இல் காமராசரே கட்சித் தலைவரானார். 1946இல் இராஜாஜி ஆட்சித் தலைமைக்கு வர முடியாமற் போனது. 1946 முதல் 1949 வரை பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூவர் அடுத்தடுத்து ஆட்சித் தலைமை ஏற்றனர். இம்மாற்றங்களில் காமராசரின் செல்வாக்கு வலுவாக இருந்தது. ஓமந்தூரார் நேர்மையான நிர்வாகி, சிபாரிசுகளுக்கு இணங்காதவர். அவரையும் கட்சி இறக்கிவிட்டது. அக்காலக் காமராசரைப் பகையறியாதவராக எழுதுவோர் வரலாற்றுக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

1952இல் முதலமைச்சரான இராஜாஜி, மறு ஆண்டு கொண்டுவந்த கல்வித் திட்டத்தால் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954இல் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் இராஜாஜி தரப்பின் சார்பில் நின்ற சி. சுப்பிரமணியம் 41 வாக்குகள் பெற்றார்; காமராசர் 93. அடுத்து எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை அமைந்தது. அதில் சுப்பிரமணியத்துக்கு நிதியும் கல்வியும். அவரை ஆதரித்த பக்தவத்சலத்துக்கு வேளாண்மை. கல்வித் துறை என்பதைக் கவனிக்க வேண்டும். இராஜாஜியை வீழ்த்தியதே கல்வித் திட்டம்தான். அது கைவிடப்படுவதாக அதே ஆண்டு மே மாதம் அறிவித்தவர், இராஜாஜி அமைச்சரவையிலும் இருந்த அந்தச் சுப்பிரமணியமே!

இதைப் பெருந்தன்மை என்று போற்றுவது வழக்கம். எனக்கு இது முதன்மையாகக் கணக்காகவே படுகிறது. 41 பேரை வெளியே நிறுத்தினால் அவர்கள் கட்சிக்குள் இன்னொரு கட்சியாவார்கள். கோப்புகளை அறிந்த அமைச்சரை நீக்கினால் புதியவர் அவற்றைக் கற்கவே ஓராண்டு கழியும். 1957இல் அதிருப்தியாளர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்ற பெயரில் தனியே போட்டியிட்டபோது, சுப்பிரமணியமும் பக்தவத்சலமும் அவர்களுடன் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. சேரன்மகாதேவி அருகே ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்த சிறுவர்களிடம் காமராசர் பேச்சுக் கொடுத்தாராம். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்ற கேள்வி அங்கே எழுந்ததாம். கதை எப்படியாயினும், மதிய உணவுத் திட்டம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் 1956இல் தொடங்கியது உண்மை. அதற்குப் பணம் ஒதுக்கிய துறையும் நடத்திய துறையும் காமராசரிடம் தோற்றவரின் கையில்தான் இருந்தன. 1958இல் முடிந்த மணிமுத்தாறு அணையும் அதே நிதியமைச்சரின் காலத்தது. 118 அடி உயரத்துக்கு 5,511 மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் அவ்வணை, நாங்குநேரி, திருச்செந்தூர் வட்டங்களின் வறண்ட நிலங்களுக்கும் நீர் தந்தது.

1963இல் பதவி துறந்து தில்லி அரசியலுக்குச் சென்ற காமராசர், 1966இல் மொரார்ஜியை எதிர்த்து இந்திரா வெல்லத் துணைநின்றார். மூன்றே ஆண்டுகளில் கட்சி பிளந்தது. இந்திராவுக்கு எதிர் அணியில் அவர் நின்றார். சுப்பிரமணியம் இந்திராவின் பக்கம் சென்று, அவ்வணியின் இடைக்காலத் தலைவருமானார். 1971 தேர்தலில் காமராசரோடு கூட்டணி சேர்ந்தவர் இராஜாஜி. முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பகைக்குப் பின் இருவரும் ஒரே அணிக்கு வாக்குக் கேட்டார்கள். சட்டமன்றத்தில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது.