ஏழைகளின் கால் காத்த வைத்தியர் ஹக் ஓவன் தாமஸ்

ரண சிகிச்சையின் சரித்திரத்தில் கத்தி பிடித்துக் கீர்த்தி பெற்றவர்கள் அநேகர். கத்தியைக் கீழே வைத்துக் கீர்த்தி பெற்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் முன் வரிசையில் நிற்பவர் லிவர்பூல் நகரத்து வைத்தியர் ஹக் ஓவன் தாமஸ். அவர் 1891-ம் வருஷத்தில் காலஞ்சென்றார். ஆயினும், தொடையெலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி வார்டுகளில் அவர் பெயர் இன்றும் நம் நாட்டில் காதில் விழுகிறது. தொடையின் மேலே ஒரு வளையமும், காலின் இருபுறமும் ஓடும் இரண்டு கம்பிகளும் கொண்ட இரும்புச் சட்டத்துக்குத் ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ என்றே பெயர். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள் அணியும் காலிப்பரும், தட்டைப் பாதமுடையவர்களுக்காகப் பூட்ஸின் குதியை மாற்றித் தைக்கும் முறையும் அவருடைய சிகிச்சையிலிருந்து வளர்ந்தவையே. அப்படிப்பட்டவரை அவர் காலத்து வைத்திய உலகம் பெரும்பாலும் புறக்கணித்தது. அந்தப் புறக்கணிப்புக்குப் பிற்காலத்தில் யுத்தகளத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. அவர் சரித்திரம் நமது வாசகர்கள் அறிந்துகொள்ளத் தக்கது என்று நாம் கருதுகிறோம்.

தாமஸின் குல வரலாறே ஒரு கதை போலிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்ஸி தீவின் கரையோரத்தில் ஒரு கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்த ஒரு சிறுவன் பேசிய பாஷை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. தீவின் குடியானவர்கள் அவனை எடுத்து வளர்த்து, ஈவான் தாமஸ் என்று பெயரிட்டார்கள். முறிந்த எலும்பைத் தடவிப் பார்த்துப் பொருத்தும் வித்தை அவனுக்குக் கைவந்ததாகவும், அவன் சந்ததியில் அது தொடர்ந்து வந்ததாகவும் குடும்ப வரலாறு கூறுகிறது. நம் நாட்டில் புத்தூர்க் கட்டுக்குப் பெயர் பெற்ற குடும்பங்களைப் போல, அவர்களும் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வந்தார்கள்.

அந்தப் பரம்பரையில் வந்த இன்னொரு ஈவான் தாமஸ் லிவர்பூலுக்குக் குடியேறினார். அவரே நமது சரித்திர நாயகரின் தந்தை. கப்பல் துறையில் மூட்டை சுமப்போரும், கப்பல் கட்டும் தொழிலாளரும் அவர் வீட்டு வாசலில் திரண்டார்கள். பட்டம் பெற்ற வைத்தியர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர் மீது வழக்குகள் வந்தன. பன்முறை அவர் கோர்ட்டுப் படி ஏற நேர்ந்தது. சர்டிபிகேட் இல்லாதவன் கைபட்ட கால் கோணினால் அது குற்றம். சர்டிபிகேட் உள்ளவன் கைபட்ட கால் கோணினால் அது விதி. கோர்ட்டுகளின் நடைமுறையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஈவான் தாமஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார். தம் ஐந்து புத்திரர்களையும் முறைப்படி வைத்தியக் கல்வி கற்கச் செய்து, ஐவரையும் பட்டம் பெற்ற வைத்தியர்களாக ஆக்கினார். தம்மை வருத்திய ஆயுதத்தையே தம் மக்களுக்குக் கேடயமாக்கிய அவரது யுக்தியை நாம் வியக்கிறோம்.

மூத்த புதல்வரான ஹக் ஓவன் 1834-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆங்கில்ஸியில் பிறந்தார். தாய்மாமன் ஒருவரிடம் சில வருஷங்கள் பயிற்சி பெற்று, எடின்பரோவிலும் லண்டன் யூனிவர்சிடி காலேஜிலும் படித்து, 1857-ல் ராயல் ரண வைத்தியக் கல்லூரியின் அங்கத்தினரானார். ஊர் திரும்பித் தந்தையுடன் சிறிது காலம் தொழில் செய்தார். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தந்தை அறிந்தது கை அறிந்த வித்தை. மகன் அதற்குக் காரணம் கேட்டார். முடிவில் பிரிந்து, துறைமுகத்தை அடுத்த ஏழைகளின் தெருக்களிடையே தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னர் அவர் வாழ்ந்த நெல்ஸன் தெரு வீடு, நொண்டிகளின் யாத்திரை ஸ்தலமாகவே ஆகிவிட்டது.

அவர் தோற்றத்தில் கம்பீரம் ஒன்றுமில்லை. மெலிந்த, குட்டையான தேகம். கழுத்து வரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு. இளமையில் ஒரு கண்ணிமையில் பட்ட காயத்தின் வடுவை மறைக்க, மாலுமிகள் அணிவதைப் போன்ற தொப்பி. வாயில் எந்நேரமும் சிகரெட்டு. விடியுமுன் எழுந்து நோயாளிகளின் வீடுகளுக்கு வண்டியில் புறப்படுவார். திரும்பி வந்து வீட்டில் காத்திருப்போரைப் பார்ப்பார். இரவிலும் வேலை ஓயாது. ஞாயிற்றுக்கிழமைகள் ஏழைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அன்று அவர் காசு வாங்குவதில்லை. ஆயுள் முழுவதும் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அவருக்கு உத்தியோகம் கிடையாது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதுதான் பட்டறை. அங்கே ஒரு கொல்லரும் ஒரு தோல் தொழிலாளியும் வேலை செய்தார்கள். நோயாளியின் காலை அளந்த கையே இரும்பை வளைக்கும் கைக்கு உத்தரவு கொடுத்தது. பொருந்தாவிட்டால் அங்கேயே பிரித்து, அங்கேயே திருத்தினார்கள்.

அக்காலத்தில் மூட்டுகளைப் பிடிக்கும் க்ஷயரோகம் ஏழைக் குழந்தைகளின் யமனாக இருந்தது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவை வீங்கிச் சீழ் பிடிக்கும். பிரபல வைத்தியர்கள் மூட்டை அறுத்து எடுத்தார்கள். அல்லது காலையே துண்டித்தார்கள். தாமஸ் வேறு வழி சொன்னார். நோயுற்ற மூட்டுக்கு மருந்து ஓய்வு. அந்த ஓய்வு நோயாளியின் விருப்பத்துக்கு விட்டதாக இருக்கலாகாது. இடையில் ஒரு நாளும் குலையலாகாது. மாதக் கணக்கில், வேண்டுமானால் வருஷக் கணக்கில் நீடிக்க வேண்டும். க்ஷயக் கிருமியைக் கொல்லும் மருந்துகள் அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகே வந்தன. அதுவரை குழந்தையின் காலைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி அதிகம் இல்லை. 1875-ல் அவர் வெளியிட்ட இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்களைப் பற்றிய நூல் இந்தக் கொள்கையை நிலைநாட்ட எழுந்ததே.

ஆனால் ஏழைக்கு வருஷக் கணக்கில் படுத்திருக்கக் கட்டுமா? இங்கேதான் தாமஸின் புத்தி நுட்பம் விளங்குகிறது. நாம் உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவது இடுப்பின் அடிப்புற எலும்பு. தோல் போர்த்திய வளையம் ஒன்றைத் தொடையின் மேலே மாட்டி, அந்த எலும்பு அதன் மேல் தங்கும்படி செய்தார். வளையத்திலிருந்து இரண்டு கம்பிகள் காலின் இருபுறமும் இறங்கிப் பாதத்துக்கும் கீழே சென்று தரையைத் தொட்டன. நல்ல காலின் பூட்ஸை இரும்புக் கட்டையால் உயர்த்தினார். இப்போது நோயுற்ற கால் தரையைத் தொடாமல் தொங்கியது. பாரம் இடுப்பிலிருந்து கம்பி வழியே பூமிக்குச் சென்றது. மூட்டுக்கு ஓய்வு, மனிதனுக்கு நடை! நோய் தணிந்து வரும்போது, கம்பிகளின் நுனிகளை உள்ளே வளைத்துப் பூட்ஸின் குதியில் துளையிட்டுச் செருகினார். இதுவே காலிப்பர். பின்னாட்களில் இளம்பிள்ளை வாதத்தால் தசை வலுவிழந்த கால்கள் மடிந்து விழாமல் நிற்க உதவியதும் இந்த அமைப்பே.

பூட்ஸையும் அவர் மருந்தாக்கினார். பாதத்தின் உள்வளைவு தாழ்ந்து, குதிகால் உட்புறம் சாய்ந்து, நடக்க நடக்க நோகும் தட்டைப் பாதத்தை நாம் அறிவோம். நாள் முழுதும் நின்று உழைக்கும் தொழிலாளிக்கு அது பிழைப்பைக் கெடுக்கும் நோய். தாமஸ் பூட்ஸ் குதியின் உட்பக்கத்தை முன்னோக்கிச் சிறிது நீட்டினார். அதே பக்கத்தை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம் அல்லது சற்று அதிகம் உயர்த்தினார். இவ்வளவுதான். குதிகால் நேராகிறது, தாழ்ந்த வளைவுக்கு அடியிலிருந்து முட்டுக் கிடைக்கிறது. செலவு ஒரு தோல் துண்டும் நாலைந்து ஆணிகளுமே. இதை ‘தாமஸ் குதி’ என்று உலகமெங்கும் வழங்குகிறார்கள். எட்டில் ஒரு பாகம் என்பது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் மனிதன் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடி வைக்கிறான். ஒவ்வொரு அடியிலும் அந்த அற்பம் வேலை செய்கிறது.

இவ்வளவு எளிய, மலிவான, பயனுள்ள முறையை ஏன் வைத்திய உலகம் உடனே ஏற்கவில்லை? நியாயமாகப் பேசினால், குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. தாமஸ் எழுதிய இங்கிலீஷ் கரடுமுரடானது. எதிரிகளைச் சாடும் வேகத்தில் பொருள் மறைந்துபோகும். சங்கங்களுக்குச் சென்று இதமாகப் பேசி ஆள் சேர்க்கும் சுபாவம் அவருக்கு இல்லை. லண்டனுக்கு வெளியே, ஆஸ்பத்திரிப் பதவி இல்லாத, எலும்பு கட்டுபவர் குடும்பத்து மனிதர் சொல்வதைக் கேட்பதற்குப் பெரியவர்களுக்கும் மனமில்லை. வாதி வாதத்தைச் சரியாக எடுத்துரைக்காவிட்டாலும், சாட்சியத்தைப் பரிசீலிப்பது நீதிபதியின் கடமையல்லவா? கோணாத கால்களுடன் லிவர்பூல் தெருக்களில் நடந்தவர்களே சாட்சிகள். அவர்களை விசாரிக்க அன்று ஆளில்லை.

1891-ம் வருஷம் ஜனவரி மாதம், ஐம்பத்தாறாவது வயதில் தாமஸ் இறந்தார். அவருடைய சவ ஊர்வலத்தில் லிவர்பூலின் தொழிலாளர் கூட்டம் கண்ணீருடன் தொடர்ந்து சென்றது. அவருக்குச் சந்தானம் இல்லை. ஆனால் மனைவியின் உறவுப் பிள்ளையான ராபர்ட் ஜோன்ஸ், பதினாறாவது வயதிலிருந்து அவர் வீட்டிலேயே வளர்ந்து, தொழில் கற்றிருந்தார். குருவின் கருத்தைக் கைவிடாமல், குருவின் கடுஞ்சொல்லை மட்டும் விட்டுவிட்ட சிஷ்யர் அவர். இனிய பேச்சாலும் பொறுமையாலும் தாமஸின் முறைகளை உலகத்துக்கு எடுத்துச் சென்றார்.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. குண்டு பட்டுத் தொடையெலும்பு நொறுங்கிய சிப்பாய்களை, துப்பாக்கியையோ மரச் சட்டத்தையோ சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் முறிந்த எலும்பு முனைகள் சதையைக் கிழித்தன. இரத்தம் வடிந்து, அதிர்ச்சியால் வழியிலேயே மாண்டவர் பலர். யுத்தத்தின் முற்பகுதியில் இத்தகையோரில் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்று ராபர்ட் ஜோன்ஸ் கூறினார். இந்த எண் மிகையாக இருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் அபிப்பிராயம். ஆனால் களத்திலேயே, பூட்ஸைக் கழற்றாமல், கால்சட்டையின் மேலேயே தாமஸ் சட்டத்தை மாட்டிக் காலை இழுத்துக் கட்டும் முறை பரவியபின் நிலைமை அடியோடு மாறியது. 1917-ல் அர்ராஸ் போரில் இத்தகைய காயமடைந்த 1009 பேரில் நூற்றுக்குச் சுமார் 16 பேரே இறந்தனர். காயத்தைச் சுத்தி செய்யும் புதிய முறைகளுக்கும் இதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் ஒரு சட்டத்துக்கே கொடுக்க நாம் விரும்பவில்லை. எனினும், தூக்குக் கட்டில் சுமப்போரைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் அந்தச் சட்டத்தை மாட்டப் பழக்கினார்கள் என்றால், அதன் அருமையை ராணுவம் எவ்வளவு உணர்ந்திருந்தது என்பது விளங்கும். 1875-ல் அச்சேறிய விஷயம் சேனைக்கு எட்ட 40 வருஷங்கள் சென்றன. இடையில் மாண்டவர்களை யார் திருப்பித் தருவார்?

இன்று இரும்பின் இடத்தில் பல வகைப் பிளாஸ்டிக்குகள் வந்துவிட்டன. 2014-ல் இந்தியா இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. ஆனால் முன்பு அந்நோய்க்கு ஆளானவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள்; அவர்களில் பலருக்குக் காலிப்பர் இன்றும் துணை. நீரிழிவினால் உணர்ச்சி மரத்த பாதங்களும் பெருகிவருகின்றன. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களுக்கு மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்புகளைக் கொடுத்துப் புண் வராமல் காத்தார்கள். பாரத்தை எங்கே தாங்க வேண்டும், எங்கே தவிர்க்க வேண்டும் என்ற அதே கேள்விக்கு அதுவும் ஒரு விடை.

தாமஸின் சரித்திரம் நமக்குக் கூறுவது இதுவே. இலவசமாக ஒரு காலிப்பரைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு தர்மம் முடிந்துவிடாது. அளவு தவறிய காலிப்பர் தொடையைப் புண்ணாக்கும். ஒரு வாரத்தில் வீட்டு மூலையில் துருப்பிடிக்கும். குழந்தை வளரும்போது கம்பியும் வளர வேண்டும். செருப்பின் அடி தேய்ந்தால் மருந்தும் தேய்ந்ததென்று பொருள். ஆகவே கொடுப்பதைவிட முக்கியம் அளப்பது. அளப்பதைவிட முக்கியம் மறுபடி பார்த்துத் திருத்துவது. இதற்கு வைத்தியரின் பக்கத்தில் பட்டறை இருக்க வேண்டும். அந்தப் பட்டறையில் இரும்பு வளைப்பவருக்கும் தோல் தைப்பவருக்கும் கௌரவமும் தக்க ஊதியமும் இருக்க வேண்டும். பட்டத்தை மதிப்போம், கைத்தொழிலை இகழ வேண்டாம். தாமஸின் வீட்டில் இரண்டும் ஒரு கூரையின் கீழ் இருந்தன. நமது ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அவை ஒரு கூரையின் கீழ் வர வேண்டும் என்று கேட்பதற்கு, நடக்க முடியாதவர்களின் சார்பில் நமக்குப் பூரண உரிமை உண்டு. நடக்கக் கூடியவர்கள் அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?